பதினாலு பை மூணு

அவளை எல்லோரும் ஆபரேட்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த உத்தியோகம் கைவிட்டுப் போய் நாலு வருஷமாகியும் பேர் மட்டும் போகவில்லை. பெரிய ஹோட்டல் ஒன்றின் டெலிபோன் போர்டில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள். இணைப்பையெல்லாம் இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று ஆனபிறகு போர்டைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே போட்டார்கள். அவளுக்கு ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். ஐம்பது வயதை நெருங்கும்போது குரலைத் தவிர அவளிடம் வேறு சரக்கு இல்லை.

குரலும் இனிமை என்று சொல்லக்கூடியதல்ல, கொஞ்சம் கரகரப்புதான். ஆனால் பதறிக்கொண்டு பேசுகிறவர்கள் அந்தக் குரலைக் கேட்டால் அரை நிமிஷத்தில் மூச்சு சீராகி, கேட்டதற்குப் பதில் சொல்லத் தொடங்குவார்கள். அதனால்தான் சுகாதார அலுவலகத்தின் உதவி மையத்தில், அவள் வயதில் பாதிகூட ஆகாதவர்கள் நடுவே, ஏழாம் நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. ஆறு மாத ஒப்பந்தம். முடிந்தால் இன்னொரு ஆறு மாதம். மூன்று தடவை அப்படி நீட்டித்திருந்தார்கள்.

நுரையீரல் கெட்டு, வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ள வேண்டியவர்களுக்கு அலுவலகம் சிலிண்டர் அனுப்பும். அதற்கு இணையத்தில் பதிய வேண்டும். பதிவதில் சிக்கல் வந்தால் இவர்களைக் கூப்பிட வேண்டும். பழைய கோப்புகள் வைத்திருந்த அறையைக் காலி செய்து பன்னிரண்டு மேஜை போட்டிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. காதில் மாட்டும் கருவியின் பஞ்சு பிய்ந்து போயிருந்ததால் அவள் தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். எதிரே ஒரு தாளில் சொல்ல வேண்டியதெல்லாம் அச்சடித்து ஒட்டியிருக்கும்: பக்கத்தை மூடித் திறக்கச் சொல்லவும், வேறு பிரவுசரில் முயலச் சொல்லவும், புகைப்படத்தின் அளவைக் குறைக்கச் சொல்லவும், கட்டாயமில்லாத கட்டங்களைக் காலியாக விடச் சொல்லவும்.

அவளும் அவளுடைய அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்கா தையல்காரி, கணவனை இழந்தவள். இவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. "நாள் பூரா ஊர்ல இருக்கிறவங்ககிட்ட எல்லாம் தேனா பேசிட்டு வந்து, என்கிட்ட மட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறா. நானும் அந்த நம்பருக்கே போன் பண்ணிடலாம்னு இருக்கேன்" என்று அக்கா வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் இவளும் கலந்துகொள்வாள். அந்த வாரம்வரை அவர்கள் வீட்டில் பெரிய துக்கம் என்று ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் ஒரு பெண் கூப்பிட்டாள். பின்னால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அது சிலிண்டரின் குப்பியில் காற்றுக் குமிழி ஓடுகிற சத்தம் என்று ஆபரேட்டரம்மாவுக்குத் தெரியும்.

"ஃபார்ம் போக மாட்டேங்குதுங்க. எல்லாம் நிரப்பிட்டு கடைசியா சமர்ப்பின்னு அமுக்கினா ஒரு வட்டம் சுத்துது. அப்புறம் எல்லாமே அழிஞ்சு வெள்ளையாயிடுது. அஞ்சு தடவை பண்ணிட்டேன்."

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. நான் லைன்லயே இருக்கேன். யாருக்குங்க பதியறீங்க?"

"என் வீட்டுக்காரருக்கு. கல்லுக்கு பாலிஷ் போடற வேலை. தூசி உள்ள போய் நெஞ்சு கல்லாயிடுச்சுன்னு டாக்டர் சொன்னார். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினாங்க. ஆஸ்பத்திரி சிலிண்டர் ஒண்ணு கடனா குடுத்திருக்காங்க. குறைச்சுத் திறந்து வச்சா வெள்ளிக்கிழமை வரைக்கும் வரும், அதுக்குள்ள பதிஞ்சு வாங்கிக்கோங்கன்னாங்க."

அந்தப் பெண் ஒரு பெரிய சலவை நிலையத்தில் வேலை பார்த்தாள். வேலை நேரத்தில் செல்போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதனால் காலையில் கிளம்புவதற்கு முன் மட்டும்தான் பேச முடியும். பள்ளிக்கூடம் போகிற மகள், அப்பாவுக்காக இந்த வாரம் லீவு போட்டிருக்கிறாள். இதையெல்லாம் இவள் கேட்காமலேயே அந்தப் பெண் சொன்னாள். ஆபரேட்டரம்மா தாளில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். மூடித் திறந்தார்கள். படத்தைச் சின்னதாக்கினார்கள். கடைசியில் வட்டம் சுற்றியது, வெள்ளையானது.

"நாளைக்கு இதே நேரத்துக்குக் கூப்பிடுங்கம்மா. ஏழாம் டெஸ்க்குன்னு கேளுங்க. நான் என்னன்னு பார்த்து வைக்கறேன்."

அப்படிச் சொல்லும்படி தாளில் இல்லை. அவளாகச் சொன்னது.

ஹோட்டலில் யாருக்கு என்ன செய்தி என்று எழுதிவைத்துப் பழகியவள் என்பதால், இங்கேயும் மேஜை டிராயரில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். போன வாரத்திலிருந்து அன்று காலைவரை இதே மாதிரி பத்தொன்பது பேர். சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அந்தப் பத்தொன்பது பேரையும் வரிசையாகப் பார்த்தாள். செல்போன் வேறு வேறு. படத்தின் அளவு வேறு வேறு. வயதிலும் ஊரிலும் ஒற்றுமை இல்லை. பத்தாம் டெஸ்க்கில் இருந்த பெண், "அந்த ஃபார்முக்கு சனி பிடிச்சிருக்கு ஆபரேட்டரம்மா, விடுங்க" என்றாள். விடவில்லை. சாப்பாடு ஆறிப் போன பிறகுதான் கண்ணில் பட்டது. 6/2. 31/4. 14/3. 8/1. பத்தொன்பது பேரின் வீட்டு எண்ணிலும் நடுவில் ஒரு சாய்ந்த கோடு.

ஒரு வீட்டைப் பிரித்து இரண்டு மூன்று குடித்தனம் வைத்தால்தான் அப்படி எண் வரும். தனி வீட்டுக்காரர்களுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும், அவளும் அக்காவும் இருந்தது 9/1.

யாரும் பார்க்காதபோது படிவத்தைத் திறந்து, தன் பெயரைப் போட்டு, வீட்டு எண் 9 என்று எழுதிச் சமர்ப்பித்தாள். பச்சை டிக் வந்தது. அதை ரத்து செய்துவிட்டு 9/1 என்று எழுதினாள். வட்டம் சுற்றி வெள்ளையானது. 9-1 என்று எழுதினால் அந்த இடத்திலேயே சிவப்பில் அதட்டியது: எண்களும் எழுத்துகளும் மட்டும். சாய்ந்த கோட்டை மட்டும் பல்லைக் காட்டி உள்ளே விட்டுவிட்டு, கடைசிப் படியில் காலை வாரியது.

மேற்பார்வையாளருக்கு அந்த அறையில் 'பார்க்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். இவள் போய்ச் சொன்னபோது நோட்டைக் கையில் வாங்கிப் புரட்டினார். "நல்ல கவனிப்பு. பார்க்கலாம். டிக்கெட் போட்டுடுங்க." புகாரை எழுதி அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கே பதில் வந்திருந்தது: சோதித்துப் பார்த்ததில் பிழை எழவில்லை, புகார் முடிக்கப்பட்டது.

மூன்றாவது மாடிக்கு லிஃப்டில் போக அட்டை வேண்டும். அவளிடம் இல்லை. படியேறிப் போனாள். படிவத்தை எழுதியவர் நாற்பது வயதுக்காரர்; ஏசிக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, இரண்டு திரைகளுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன எண் போட்டுச் சோதிச்சீங்க சார்?"

"என் வீட்டு அட்ரஸ்தான். இருபத்தேழு."

"இருபத்தேழு பை ரெண்டுன்னு போடுங்க."

போட்டார். வட்டம் சுற்றுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையானதும் அவர் நாற்காலியில் சாய்ந்தார். முரட்டு மனிதர் இல்லை. முகம் சுருங்கித்தான் போயிற்று. "ஆமாம்மா. அந்தக் கோட்டை வேற அர்த்தத்துல எடுத்துக்குது. என் தப்புதான்."

"இப்பவே மாத்திட முடியுமா?"

"மாத்தறது பெரிய வேலை இல்லை. ஆனா நான் தொட முடியாது. போன தடவை கேட்காம தொட்டதுக்கு மெமோ குடுத்தாங்க. கமிட்டி உட்காரணும், கையெழுத்தாகணும். அடுத்த கூட்டம் இன்னும் பன்னெண்டு நாள்."

"அதுவரைக்கும் கூப்பிடறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"எதையாவது சொல்லிச் சமாளிங்கம்மா" என்றார் அவர், கெஞ்சுகிற மாதிரி.

கீழே வந்தபோது ஒன்பது மணி அடித்துக்கொண்டிருந்தது. சலவை நிலையத்துப் பெண் ஏற்கெனவே இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, மூன்றாவது தடவையாக லைனில் காத்திருந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது, நின்றுகொண்டே பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. ஆபரேட்டரம்மாவுக்குப் படிகளில் இறங்கும்போதே ஒரு யோசனை வந்திருந்தது.

"வீட்டு நம்பர் என்ன போடறீங்க?"

"பதினாலு பை மூணு."

"அந்தக் கோடு வேண்டாம். பதினாலு போடுங்க, ஒரு இடம் விடுங்க, மூணு போடுங்க. கோடு போடாதீங்க, வெறும் இடம்."

"பக்கத்துல அடையாளம்னு ஒரு கட்டம் இருக்கே. பின்பக்க வீடுன்னு எழுதட்டுமா?"

தாளில் இருந்தது அவள் நாவில் வந்தது. "அது கட்டாயமில்லைங்க. அதை விட்டுடுங்க. எவ்வளவு குறைச்சு நிரப்பறோமோ அவ்வளவு நல்லது."

சில நொடி குமிழிச் சத்தம் மட்டும். பிறகு, "பச்சை வந்துடுச்சு. பச்சை வந்துடுச்சுங்க." அவள் அழுதாள். "ரெண்டு நாளைக்குள்ள வண்டி வரும்னு போட்டிருக்கு. நீங்க நல்லா இருக்கணும்."

அன்று மட்டும் ஆபரேட்டரம்மா பதினோரு பேரை உள்ளே அனுப்பினாள். நோட்டில் இருந்த பழைய ஆட்கள் திரும்பக் கூப்பிடக் கூப்பிட, ஒரு இடம் விடச் சொன்னாள். பக்கத்து டெஸ்க்குகளும் கேட்டுத் தெரிந்துகொண்டன. 'பார்க்கலாம்' சாயங்காலமே அதை அச்சடித்து, தாளில் ஐந்தாவது வரியாகச் சேர்த்துப் பன்னிரண்டு மேஜையிலும் ஒட்டவைத்தார். மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் அதற்குத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார் என்று பத்தாம் டெஸ்க் சொன்னபோது இவள் சிரித்தாள். "போட்டுக்கட்டும். சிலிண்டர் போய்ச் சேர்ந்தா சரி." அன்று வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் ஒரு மணி நேரம் விடாமல் பேசினாள். "இன்னைக்குத்தான் என்கிட்டயும் தேனா பேசறே" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை காலை எட்டே காலுக்கு அந்தப் பெண் கூப்பிட்டாள். குமிழிச் சத்தம் இருந்தது. ஆனால் இடைவிட்டு இடைவிட்டு.

"சிலிண்டர் வரலைங்க. மீட்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. இங்க பார்த்தா, வீட்டில் ஆள் இல்லை, பதிவு ரத்துன்னு காட்டுது. என் பொண்ணு ரெண்டு நாளும் வாசல்லயேதான் உட்கார்ந்திருந்தா. வண்டியே வரலை. தெரியாத ஒரு நம்பர்லேர்ந்து எனக்குப் போன் வந்திருக்கு. நான் வேலையில இருந்தேன். வெளியில வந்து திரும்பிக் கூப்பிட்டா, இந்த எண்ணுக்கு அழைப்பு வசதி இல்லைன்னு சொல்லுது."

ஆபரேட்டரம்மா அவள் பதிவைத் திரையில் எடுத்தாள். பெயர் சரி. தெரு சரி. வீட்டு எண் 143.

கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். 143. சமர்ப்பித்த பிறகு படிவம் இடைவெளியையெல்லாம் உறிஞ்சி எண்களை ஒட்டவைத்திருந்தது. ஹோட்டலில் ஒருமுறை தீப்பிடித்தபோதுகூடக் குரல் நடுங்காதவள், திரையில் அந்த மூன்று எண்களின்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேன். கேளுங்க. இந்த போனை வச்சுட்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. மூச்சுத் திணறல், ஆக்சிஜன் தீர்ந்துபோச்சுன்னு சொல்லுங்க. வீட்டு நம்பர் பதினாலு, பின்பக்கம் மூணாவது கதவுன்னு சொல்லுங்க. பொண்ணைத் தெருமுனைக்கு அனுப்பி நிக்கச் சொல்லுங்க. சிலிண்டரை நான் பார்க்கறேன்."

கிடங்கைக் கூப்பிட்டாள். வண்டி கிளம்பிவிட்டது, இனி நாளைக்குத்தான் என்றார்கள். வண்டி ஓட்டுகிறவரின் எண்ணைக் கேட்டாள், தரக்கூடாது என்றார்கள். அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு, யாரும் அதுவரை கேட்டிராத குரலில், "அங்க ஒரு ஆளுக்கு மூச்சு நிக்கப் போகுது. நம்பரைக் குடுங்க" என்றாள். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கொடுத்தார்கள். ஓட்டுநர் தெருவின் பெயரைக் கேட்டதும், "அங்க ரெண்டு நாள் போனேனேம்மா. நூத்திநாப்பத்திமூணு மூடிக் கிடக்கிற மரக்கிடங்கு. தட்டித் தட்டி கைதான் வலிச்சுது" என்றார். வண்டியைத் திருப்பினார். பத்து இருபதுக்கு அந்தக் காம்பவுண்டுக்குள் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்துக் கதவுக்காரர்கள், ஒன்பதரைக்கே ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்றார்கள்.

கல் பாலிஷ் போடுகிறவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துபோயிருந்தார். மதியம் ஆபரேட்டரம்மா கூப்பிட்டபோது மகள்தான் எடுத்தாள். "அப்பா இல்லைங்க" என்றாள். வெளியே போயிருக்கிறார் என்பதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். இவள் பேச வாயெடுப்பதற்குள் யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

அழக்கூட நேரமில்லை என்பது இவளுக்குப் புரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து பன்னிரண்டு டெஸ்க்கிலுமாக அறுபத்து நான்கு பேர் அந்த ஐந்தாவது வரியின்படி பதிந்திருந்தார்கள். 'பார்க்கலாம்' வியர்த்துக்கொண்டு நின்றார். "மேல சொல்லியிருக்கேன். இங்கேர்ந்து யாருக்கும் நாமளா கூப்பிடக் கூடாது, அது நடைமுறை இல்லை. பார்க்கலாம்." அவள் பட்டியலைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய், தன் செல்போனிலிருந்து கூப்பிடத் தொடங்கினாள். பத்தாம் டெஸ்க் பெண்ணும் எழுந்து வந்து பாதிப் பட்டியலை வாங்கிக்கொண்டாள்.

முப்பத்தாறு பேருக்குச் சிலிண்டர் வந்திருந்தது. ஓட்டுநர்கள் தெருவில் விசாரித்துக் கண்டுபிடித்திருந்தார்கள், அல்லது வீட்டுக்காரர்கள் சரியான நேரத்தில் போனை எடுத்திருந்தார்கள். மீதிப் பேருக்கு வரவில்லை. அவர்களுக்கெல்லாம் சாயங்காலத்துக்குள் கிடங்கு வண்டிகள் போயின. ஒரு வீட்டில் மட்டும் மகன் எடுத்து, "அம்மா நேத்து தவறிட்டாங்க" என்றான். "பரவாயில்லைங்க, எப்படியும் இன்னும் ஒரு மாசம்தான்னு சொல்லியிருந்தாங்க" என்று அவனே இவளுக்கு ஆறுதல் சொன்னான். அதுதான் அவளை உட்கார வைத்தது. படியிலேயே உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது: பதினாலு, அடுத்து 'கதவு' என்று எழுதி, மூணு. எழுத்தும் எண்ணும்தானே. படிவம் மறுத்திருக்காது. ஒட்டவும் முடிந்திருக்காது. ஒரே ஒரு வார்த்தை. அல்லது அடையாளக் கட்டத்தை அந்தப் பெண் நிரப்பட்டுமா என்று கேட்டபோது, நிரப்புங்க என்று சொல்லியிருந்தால் போதும்.

மூன்றாவது மாடிக்காரர் அன்று மாலையே யாரையும் கேட்காமல் படிவத்தைச் சரிசெய்தார். இருபது நிமிஷம் ஆயிற்றாம்.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். மூன்று பேர் கொண்ட குழு. ஒரு வாரத்தில் வரைவு தயாராகிவிட்டது. 'பார்க்கலாம்' அதைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார். பயனாளர் வீட்டு எண்ணைத் தவறாக உள்ளிட்டதாலும், ஓட்டுநரின் அழைப்பை ஏற்காததாலும் விநியோகம் தடைப்பட்டது என்று இருந்தது. உதவி மையம் தரப்பில் அவள் கையெழுத்து வேண்டும். மேஜைகளில் ஒட்டியிருந்த தாளை அதற்குள் மாற்றியிருந்தார்கள். புதிய தாளில் நாலே வரி.

"இது சரியில்லை சார். அந்தம்மா சரியா போட்டாங்க. மாத்தச் சொன்னது நான்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க பேர் எங்கயும் வராது. யார் பேரும் வராது."

"அந்தம்மா பேர் வருதே."

"அவங்க இதைப் படிக்கவா போறாங்க?"

அவள் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து நடந்ததை எழுதினாள்: நோட்டு, டிக்கெட், மூன்றாவது மாடி, தான் சொன்ன வார்த்தைகள், ஐந்தாவது வரி. தேதி போட்டு அவரிடம் ஒரு பிரதி கொடுத்தாள். ஒரு பிரதியைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தத் தெருவுக்குப் போனாள். அக்கா தானும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பதினாலாம் எண் வீடு முகப்பில் பெரிதாக இருந்தது. பக்கவாட்டுச் சந்தில், மோட்டார் குழாயைத் தாண்டி உள்ளே போனால் பின்னால் வரிசையாக ஐந்து கதவுகள். மூன்றாவது திறந்திருந்தது. ஒரே அறை. கட்டில் ஒன்று சுவரோரம் செங்குத்தாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இறந்தவரின் தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் தரையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நினைத்ததைவிட வயது குறைந்தவள்.

"யாருங்க?"

"உதவி மையத்துல இருந்தேங்க. ஏழாம் டெஸ்க்."

அந்தப் பெண்ணின் கை நின்றது. குரலை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்களா" என்றாள். பிறகு, "உட்காருங்க" என்றாள். ஆபரேட்டரம்மா உட்காரவில்லை.

தம்பி கேட்டார்: "எதுக்கு வந்திருக்கீங்க? அண்ணி தப்புத் தப்பா பதிஞ்சு வச்சு, போனையும் எடுக்காம எங்கண்ணனைத் தூக்கிக் குடுத்துட்டு உட்கார்ந்திருக்காங்க. ஆபீஸ்ல போய்க் கேட்டோம். அப்படித்தான் சொன்னாங்க."

அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. இரண்டு வாரமாக அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அதையே நம்பிவிட்டவள் மாதிரி இருந்தாள். "நான்தான் எங்கயோ தப்பா அமுக்கிட்டேன் போலிருக்குங்க" என்றாள், இவளைப் பார்த்து.

"இல்லைம்மா. நீங்க சரியாத்தான் போட்டீங்க. பதினாலு பை மூணுன்னு ஆறு தடவை சரியா போட்டீங்க. இடம் விட்டுப் போடச் சொன்னது நான். அடையாளம் எழுத வேண்டாம்னு சொன்னதும் நான். அந்த இடத்தை ஃபார்ம் தின்னுட்டு நூத்திநாப்பத்திமூணு ஆக்கிடுச்சு. அது எனக்குத் தெரியாது. ஆனா சொன்னது நான்."

வெளியே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மகள் குழாயை மூடிவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"அப்போ எங்கண்ணன் செத்தது உங்களாலயா?" என்றார் தம்பி.

அவள் யோசித்தாள். படிவம் எழுதியவர், பன்னிரண்டு நாள் கழித்து உட்காரும் கமிட்டி, பூட்டிக் கிடந்த மரக்கிடங்கு, எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. ஒவ்வொன்றும் உண்மைதான். "எனக்கும் அதுல பங்கு இருக்குங்க" என்றாள். "இவங்களுக்கு இல்லை."

அந்தப் பெண் மடித்த துணியைப் பக்கத்தில் வைத்தாள். "இதை இப்ப என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? உங்க மனசு லேசாகறதுக்கா?"

"லேசாகாதும்மா. ஆபீஸ்ல உங்க மேல எழுதி வச்சிருக்காங்க. அது பொய்னு உங்களுக்குத் தெரியணும். நான் எழுதிக் குடுத்ததோட பிரதி இது. வேணும்னா வச்சுக்கோங்க. எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்."

காகிதத்தை மகள் வந்து வாங்கினாள். நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தாள். தம்பி முதலில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். படித்து முடித்ததும் அந்தப் பெண், "இன்னொரு தடவை படி" என்றாள். மகள் படித்தாள். அதன்பிறகு அந்தப் பெண் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "நீங்க போங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அன்னைக்கு உங்க குரலைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்துச்சு. இப்ப அதைக் கேட்க முடியலை. போங்க."

ஆபரேட்டரம்மா சந்து வழியாக வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள்.

அதன்பிறகு அவள் போனில் பேசுகிற வேலை எதையும் தேடவில்லை. அக்காவோடு உட்கார்ந்து பட்டன் தைக்கிறாள், ஓரம் மடிக்கிறாள். முதலில் ஊசி பிடிக்கவே தெரியாமல் விரலெல்லாம் குத்திக்கொண்டாள். வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் அக்காதான் எடுப்பாள். கைவேலை நடுவே இவள் சில நாள் உதடு அசைய ஏதோ முணுமுணுப்பாள். அக்கா என்னவென்று கேட்பதில்லை. ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

மூன்றாவது மாடிக்காரர் ஒருமுறை கூப்பிட்டார். எப்படி எண் கிடைத்ததோ. "செவ்வாய்க்கிழமையே பண்ணியிருக்கலாம்மா. இன்னொரு மெமோ வந்திருக்கும், அவ்வளவுதான்" என்றார். "ஆமா சார். பண்ணியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இறந்தவரின் தம்பி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருக்கிறார். இரண்டு தடவை இவளை வரச்சொன்னார்கள். இரண்டு தடவையும் போய், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். ஏழு மாதம் கழித்து ஒரு பதில் கடிதம் வந்தது. அதை அந்தப் பெண் படமெடுத்து, ஒரு வார்த்தையும் சேர்க்காமல் இவள் செல்போனுக்கு அனுப்பியிருந்தாள். 'பயனாளரின் தவறு' என்பதை நீக்கிவிட்டு 'தொழில்நுட்பக் காரணங்கள்' என்று போட்டிருந்தார்கள். மற்றபடி மன்னிப்போ, யார் பெயரோ இல்லை. இத்துடன் இவ்விஷயம் முடிக்கப்படுகிறது என்று கடைசி வரி.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தாள். "பதில் போடப் போறியா?"

இவள் வெகுநேரம் எழுதி எழுதி அழித்தாள். கடைசியில், "பார்த்தேன்மா" என்று மட்டும் அனுப்பினாள். அந்தப் பக்கம் படித்துவிட்டதாகக் காட்டியது. பதில் வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மடியில் இருந்த சட்டைக்கு மீதிப் பட்டனைத் தைக்கத் தொடங்கினாள்.